யாருடைய காவலர்?

1833ஆம் ஆண்டு மே 13ஆம் நாள். இலண்டனில் கோல்ட் பாத் பீல்ட்ஸ் என்ற திடலில் உழைப்பாளர் கூட்டமொன்று கூடிற்று. முந்திய ஆண்டுதான் பாராளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியிருந்தது. அந்தச் சட்டத்துக்காகத் தெருவிலே நின்று தொண்டை வறள முழங்கியவன் தொழிலாளி. வாக்குரிமையைப் பெற்றுக்கொண்டதோ வசதி படைத்த நடுத்தர வகுப்பு. எங்கள் பங்கு எங்கே என்று கேட்கவே அவர்கள் கூடினர். அரசு தடை விதித்திருந்தது. போலீசார் வந்தனர், வளைத்தனர், தடி சுழன்றது. அந்தக் குழப்பத்தில் ராபர்ட் கல்லி என்ற காவலர் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார்.

அவர் இறந்த வகையை ஆராய 17 பேர் கொண்ட ஜூரி அமர்ந்தது. புரட்சிக்காரர் அல்லர் அந்தப் 17 பேரும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், சொந்தத் தொழில் நடத்தியவர்கள். சாட்சிகளைக் கேட்டனர். பிறகு, நாடே திடுக்கிடும்படி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: இது நியாயப்படுத்தத்தக்க கொலை! கலைந்து போகும்படி மக்களுக்கு முறையான எச்சரிக்கை படிக்கப்படவில்லை. கூட்டத்தை முன்கூட்டித் தடுக்க அரசு தக்க ஏற்பாடு செய்யவில்லை. மக்கள் தூண்டாதபோதே போலீசார் மூர்க்கமாக நடந்துகொண்டனர் என்று காரணமும் கூறினர். மேல்மன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. மக்களோ அந்த ஜூரர்களை விருந்து வைத்துக் கொண்டாடினர்.

கொலையைக் கொண்டாடுவதற்காக இதனை எடுத்துக் காட்டவில்லை, தோழர்களே! மாண்ட கல்லியும் கூலிக்கு உழைத்த ஏழைதான். தடியை அவர் கையிலே கொடுத்தவர்கள் அன்றிரவும் மெத்தையிலேயே படுத்துறங்கினர். நாம் கருதவேண்டியது வேறொன்று. போலீஸ் படை தோன்றி நான்கு ஆண்டுகூட நிறைவுறாத நாளில், தம் தெருவிலே நடமாடும் காவலரைப் பற்றி அக்கம்பக்கத்தார் கொண்டிருந்த கருத்து அது. அதே இலண்டனில், 171 ஆண்டு கழித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு காவல் குழு அமைத்து, குழுவிலுள்ளோர் பெயரையும், அழைக்கவேண்டிய தொலைபேசி எண்ணையும் வீடுதோறும் சீட்டடித்துக் கொடுக்கும் நிலை வந்தது. ‘அக்கம்பக்கக் காவல்’ என்று அதற்குப் பெயர். இந்த மாறுதல் எப்படி வந்தது? ஆண்டவர்கள் மனமிரங்கித் தந்தார்களா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பழைய இங்கிலாந்திலே ஊரைக் காப்பது ஊராரின் கடமையாக இருந்தது. 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம், கதிரவன் மறைந்தால் நகர வாயில்களை அடைக்கவேண்டும், இரவுக்காவல் போடவேண்டும், கள்வனைக் கண்டால் எல்லோரும் கூக்குரலிட்டுத் துரத்தவேண்டும் என்று விதித்தது. கான்ஸ்டபிள் வேலையை ஊரார் மாறிமாறிச் செய்தனர், சம்பளம் கிடையாது. கேட்க இனிக்கிறது. ஆனால், காசுள்ளவன் தன் முறை வந்தபோது கூலிக்கு ஆள் அமர்த்தித் தப்பித்துக்கொண்டான். கிடைத்த கூலிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வேறெந்த வேலைக்கும் ஆகாத கிழவர்கள். இலண்டன் பெருத்தது, வறுமையும் திருட்டும் கூடவே பெருத்தன, கிழவரின் கைவிளக்கு எந்த மூலைக்கு? ‘டாம் ஜோன்ஸ்’ என்னும் புதினத்தை எழுதிய ஹென்றி பீல்டிங், பௌ தெருவில் நீதிபதியாக இருந்தபோது 1749இல் சிறு குழு ஒன்றை அமைத்துப் பார்த்தார். திருடரைப் பிடிக்க அது உதவிற்று. மக்கள் கிளர்ந்தெழுந்தபோது உதவவில்லை. அந்த வேலைக்குப் படை வந்தது. 1819 ஆகஸ்டு 16இல் மான்செஸ்டர் நகரின் பீட்டர்லூவில், உரிமை கேட்டு அமைதியாகக் கூடிய ஆண்கள் பெண்கள் குழந்தைகள் மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர், 15 பேருக்குக் குறையாமல் மாண்டனர்.

பத்தாண்டு கழித்து, 1829இல், உள்நாட்டு மந்திரி ராபர்ட் பீல் இலண்டன் போலீஸ் சட்டத்தைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 29இல் புதிய காவலர் தெருவில் இறங்கினர். அவர்களின் தோற்றத்தைப் பாருங்கள்: படைவீரனின் சிவப்புச் சட்டை இல்லை, நீலக் கோட்டு, இரும்புத் தலைக்கவசம் இல்லை, கனவான்கள் அணியும் உயர்ந்த தொப்பி, துப்பாக்கி இல்லை, கோட்டுக்குள்ளே மறைத்த சிறு தடி, கழுத்துப்பட்டையிலே எண். ஏன் இவ்வளவு அடக்கம்? மக்கள் மேலுள்ள அன்பாலா? அச்சத்தால்! பிரான்சு நாட்டிலே உளவுபார்க்கும் போலீஸ் நடத்திய ஆட்டத்தை ஆங்கிலேயர் அறிவர். அப்படியொன்று இங்கு வந்தால் விடமாட்டோம் என்று ஏடுகள் எழுதின, மேடைகள் முழங்கின. பீல் வளைந்துகொடுத்தார்.

இங்கே ஒரு கட்டுக்கதையை உடைத்துவிடுவது நல்லது. ‘பீல் வகுத்த ஒன்பது நெறிகள்’ என்று ஒன்றை உலகெங்கும் போலீஸ் பயிற்சிக்கூடங்களில் பாராயணம் செய்கிறார்கள். போலீசே மக்கள், மக்களே போலீஸ் என்பது அதன் சாரம். அழகிய கருத்து. ஆனால், அந்த ஒன்பதையும் பீல் எழுதியதற்குச் சான்றில்லை. அந்த வடிவிலே அவற்றைத் தொகுத்தவர் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சார்லஸ் ரீத். 1829இல் உண்மையாக வெளிவந்தது, முதல் கமிஷனர்களான ரோவன், மேய்ன் என்ற இருவர் வெளியிட்ட அறிவுரைத் தொகுப்பு. குற்றம் நடவாமல் தடுப்பதே முதல் நோக்கம் என்றும், காவலர் மக்களிடம் பணிவோடு பழகவேண்டும் என்றும் அது கூறிற்று. வேதம் என்று ஒன்று உண்டென்றால், அதை எவரோ எழுதி எவரோ தலையில் கட்டியிருப்பார்கள் என்பது போலீஸ் துறைக்கும் பொருந்துகிறது!

அறிவுரை இருந்தது, அதனை நடத்திக்காட்டச் செய்தது மக்களின் விழிப்பு. முதல் சில ஆண்டுகளில் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததற்காகச் சீட்டுக் கிழிக்கப்பட்ட காவலர் ஏராளம். அதே 1833இல் பொப்பே என்ற போலீஸ் சார்ஜண்ட், ஓவியர்போல வேடமிட்டு உழைப்பாளர் சங்கத்துக்குள் நுழைந்து உளவு பார்த்தது வெளிப்பட்டது. மக்கள் பாராளுமன்றத்துக்கு மனுப் போட்டனர். பாராளுமன்றக் குழு விசாரித்துக் கண்டித்தது. இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் காவலர் ஆளானார். அவருக்கென்று ஒரு சுற்று. மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் நடை. நாள்தோறும் அதே தெருக்கள், அதே கதவுகள். எந்தக் கடையின் பூட்டு தளர்ந்திருக்கிறது, எந்த வீட்டுக் கிழவி தனியே இருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ராபர்ட் என்ற பெயரின் செல்லச் சுருக்கமான ‘பாபி’ அவர் பெயராயிற்று.

இது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தில் நம் முகம் இருக்கிறது.

இலண்டனுக்கு வருமுன் பீல், 1812 முதல் 1818 வரை அயர்லாந்தில் தலைமைச் செயலராக இருந்தவர். அங்கே 1814இல் அவர் அமைத்த போலீஸ், நீலக்கோட்டும் பணிவும் கொண்டதன்று. கலகம் நடக்கும் மாவட்டத்துக்கு அனுப்பி அடக்குவதற்கான படை அது. அதன் வழிவந்தது 1836இன் ஐரிஷ் கான்ஸ்டபுலரி: கையில் துப்பாக்கி, குடியிருக்கப் பாசறை; சொந்த மாவட்டத்திலே ஒருவனுக்கும் வேலை கிடையாது. அண்டை வீட்டானாக இருந்துவிடக்கூடாது, இருந்தால் இரக்கம் வந்துவிடும் என்பதே அதன் இலக்கணம். ஒரே மந்திரி, ஒரே மூளை, இரண்டு போலீஸ்! வாக்காளன் வாழும் ஊருக்கு ஒன்று. வாய்கட்டப்பட்டவன் வாழும் ஊருக்கு மற்றொன்று.

இந்தியாவுக்குக் கப்பலேறியது எது? சொல்லவும் வேண்டுமா? 1843இல் சிந்துவை வென்ற நேப்பியர், ஐரிஷ் முறையையே அங்கு நட்டார். சென்னை மாகாணத்தில் அதற்கு முன்பு வரிவசூல் செய்தவர்களே போலீஸ் வேலையும் பார்த்தனர். அவர்கள் செய்த சித்திரவதைகளை விசாரிக்க அமைந்த குழு 1855இல் அறிக்கை தந்தது. விரல்களை மரக்கட்டைக்கிடையே நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் குனியவைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் - இந்தத் தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கையிலே அப்படியே ஏறியுள்ளன. உலகுக்கு நாம் வழங்கிய சொற்களிலே இவையும் உண்டு என்பது நெஞ்சைச் சுடுகிறது. 1859இல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1857இன் பேரெழுச்சி கண்டு மிரண்ட அரசு, 1861இல் ஏனைய மாகாணங்களுக்கும் சட்டம் செய்தது. வரிவசூலையும் போலீசையும் பிரித்தது நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால், புதிய காவலர் யாருக்குப் பதில் சொல்லவேண்டும்? மேலதிகாரிக்கு, அவர் அரசாங்கத்துக்கு. தெருவிலே நிற்பவனுக்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. 1861 சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் தெளிவானது: கலகமுள்ள ஊரிலே கூடுதல் போலீசைக் குடியேற்றலாம், அதன் செலவை அந்த ஊர் மக்கள் தலையிலேயே கட்டலாம்! 1902-03இல் அரசே அமைத்த போலீஸ் கமிஷன், திறமையற்றது, ஊழல் மிக்கது, கொடுமையானது என்று அந்தப் போலீசைப் பற்றி எழுதவேண்டியதாயிற்று.

சரி, மீண்டும் இலண்டனுக்குப் போவோம். அங்கேயும் கதை முடியவில்லை. 1960களில் காவலரைக் காரில் ஏற்றினார்கள். கையிலே வானொலிக் கருவி, காலடியிலே வேகம். அழைத்தால் விரைந்து வருவார். அழைக்காதபோது? வரமாட்டார். தெருவுக்கும் அவருக்குமிடையே கண்ணாடி ஒன்று ஏறி நின்றது.

தெருவும் மாறியிருந்தது. 1948இல் ‘விண்ட்ரஷ்’ கப்பலிலே கரீபியத் தீவுகளிலிருந்து வந்து இறங்கியவர்கள், போரில் உடைந்த நாட்டைக் கட்ட உழைத்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பிரிக்ஸ்டன் போன்ற பகுதிகளில் வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பிடிக்கப் போலீசுக்கு 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் கைகொடுத்தது. சந்தேகப்பட்டாலே பிடிக்கலாம். அதனை ‘சஸ்’ என்று அழைத்தனர். கறுப்புத் தோல் போதும், சந்தேகம் தானே வரும்!

1979 ஏப்ரல் 23இல் சவுத்தாலில் நிறவெறிக் கட்சியின் கூட்டத்தை எதிர்த்து நின்றவர்களில் பிளேர் பீச் என்ற பள்ளி ஆசிரியர், தலையில் அடிபட்டு மாண்டார். போலீஸ்காரர் ஒருவரின் அடியே அவரைக் கொன்றது என்று கொள்ள இடமுண்டு என எழுதிய உள்விசாரணை அறிக்கை, 2010 வரை பூட்டியே வைக்கப்பட்டிருந்தது. கரும்பலகையின் முன்னே நிற்பவன் என்பதால் அந்தப் பெயரைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் ‘சதுப்பு 81’ என்ற பெயரில் ஒரு நடவடிக்கை. குடியேறியவர்களால் நாடு மூழ்கடிக்கப்படும் என்று மக்கள் அஞ்சுவதாக 1978இல் தாட்சர் பேசிய பேச்சின் எதிரொலி அந்தப் பெயரிலே பலருக்குக் கேட்டது. சாதாரண உடையில் போலீசார் தெருவெங்கும் பரவி, சில நாட்களுக்குள் 943 பேரை நிறுத்திச் சோதித்தனர். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். மூன்றில் இரண்டு பங்கினர் 21 வயதுக்கு உட்பட்டவர். கைதானவர் 118 பேர். 943இல் 118ஐக் கழியுங்கள். 825 பேர் எந்தக் குற்றத்துக்காகவும் பிடிக்கப்படாமலே, நடுத்தெருவில், நாலுபேர் பார்க்கச் சட்டைப்பையைக் கவிழ்த்துக் காட்டியவர்கள். ஏப்ரல் 10 முதல் 12 வரை பிரிக்ஸ்டன் எரிந்தது.

விசாரித்த நீதிபதி ஸ்கார்மன், அந்தப் பகுதித் தலைவர்களோடு கலந்து பேசாமல் நடவடிக்கையில் இறங்கியது தவறு என்று எழுதினார். ‘சஸ்’ அந்த ஆண்டே நீக்கப்பட்டது. மக்களின் கருத்தறிய ஏற்பாடு வேண்டுமென்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. தெருவிலே கல் பறந்த பிறகுதான் காது திறந்தது! அதுவும் முழுமையாகத் திறக்கவில்லை. 1993இல் ஸ்டீவன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவனை வெள்ளை வெறியர் குத்திக் கொன்றபோது போலீஸ் விசாரித்த இலட்சணத்தை 1999இல் மாக்பெர்சன் அறிக்கை கிழித்துக் காட்டிற்று. ஸ்கார்மன் சொல்லத் தயங்கியதை அது சொல்லிற்று: நிறவெறி அந்தத் துறையின் அமைப்பிலேயே ஊறியிருக்கிறது என்று. கொலையாளிகளில் இருவர் தண்டனை பெற்றது 2012இல்தான்.

இத்தனைக்கும் பிறகே 2004 ஏப்ரலில் இலண்டனில் அக்கம்பக்கக் காவல் குழுக்கள் தொடங்கின. ஒரு வட்டத்துக்கு ஒரு சார்ஜண்ட், இரண்டு கான்ஸ்டபிள், மூன்று சமூகத் துணைக் காவலர். இந்தத் துணைக் காவலர் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தவர். சீருடை உண்டு, முழுப் போலீஸ் அதிகாரம் இல்லை. இலண்டனில் கறுப்பினத்தாரும் ஆசிய இனத்தாரும் போலீஸ் பதவிகளைவிட இந்தப் பதவியிலே அதிக விகிதத்தில் இடம்பெற்றனர். குழுவிலுள்ளோரை வேறு வேலைக்கு இழுக்கக்கூடாது என்பது விதி. 2008க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் ஏறத்தாழ 3,600 குழுக்கள் வந்துவிட்டன.

அவர்கள் செய்வதென்ன? நடப்பார்கள், அது பாதி வேலை. மறுபாதி, கேட்பது. வட்டத்தில் குடியிருப்போர் கூடி, எங்களை வாட்டுவது இவை மூன்று என்று தேர்ந்து சொல்வார்கள். அந்த மூன்றையும் தீர்ப்பது குழுவின் பொறுப்பு. தீர்ந்ததா என்று மீண்டும் மக்கள் முன் வந்து சொல்லவேண்டும். போலீஸ் தலைமையகத்தில் கொலையும் கொள்ளையும் பெரிய குற்றம். குடியிருப்பவரைக் கேட்டால், மாடிப்படியிலே கஞ்சா விற்பவன், எரியாத தெருவிளக்கு, வெறிவேகத்தில் பறக்கும் கார் என்பார். இது அறியாமையன்று. வாழும் இடத்திலே ஆள்வோர் கைவிட்டதன் அடையாளத்தைப் பார்த்தே மனிதன் அஞ்சுகிறான் என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். 2003 முதல் 2005 வரை முன்னோட்டம் நடந்த இடங்களை அம்முறை இல்லாத இடங்களோடு ஒப்பிட்டனர். நடையும் கேட்பதும் சிக்கலைத் தீர்ப்பதும் மூன்றும் சேர்ந்த இடத்தில் மக்களின் நம்பிக்கை உயர்ந்தது.

பாராட்டுவோம். பாராட்டிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்போம்: அந்தக் கூட்டத்தில் நாற்காலியில் அமர்பவர் யார்? மாலையிலே ஓய்வுள்ளவர், சொந்த வீடுள்ளவர், பேச்சுத் திறமுள்ளவர், பெரும்பாலும் வயதானவர். தெருமுனையில் கூடிநிற்கும் பையன்கள் தொல்லை என்று அவர்கள் எழுதிவைப்பார்கள். அந்தப் பையன்களும் அதே வட்டத்தில் குடியிருப்பவர்கள்தாமே! அவர்கள் பட்டியலில் இடம்பெறுகிறார்கள், கூட்டத்தில் இடம்பெறுவதில்லை. ஊர் என்றால் சேரி நீங்கலாக என்று பொருள்கொண்டு வாழ்ந்த நாட்டிலே பிறந்த நமக்கு இது விளங்குவதற்கு விரிவுரை வேண்டியதில்லை. ஊர் கூடி முடிவெடுத்தது என்று எத்தனை கொடுமைக்குக் கையொப்பமிட்டிருக்கிறார்கள்!

நம்மிடமும் முயற்சி ஒன்று நடந்தது. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ‘போலீஸ் நண்பர்கள்’ என்ற தன்னார்வ இயக்கம் தொடங்கி, தமிழகமெங்கும் பரவிற்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடைவைத்திருந்த தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் வதைக்கப்பட்டு மாண்டபோது, இந்த நண்பர்கள் சிலருக்கும் அதில் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு அந்த இயக்கத்துக்குத் தடை விதித்தது. இலண்டன் குழுவிலே போலீஸ் மக்களிடம் வந்து கணக்குச் சொல்லவேண்டும். இங்கே மக்களில் சிலர் போலீசுக்குத் துணையாளாயினர். கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே எலும்பு வேறு.

அங்கேயும் அந்தச் செடிக்கு வேர் ஆழமில்லை. 2010க்குப் பின் சிக்கன ஆட்சி வந்தது. எட்டு ஆண்டுக்குள் போலீசார் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000 குறைந்தது. துணைக் காவலர் 2010இல் 16,900 பேர்; 2023இல் பாதிக்கும் குறைவு. நடப்பவரும் கேட்பவருமே முதலில் வெட்டப்பட்டனர். அவர்கள் தடுத்த திருட்டு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை அல்லவா? 2011 ஆகஸ்டில் டாட்டன்ஹாமில் மார்க் டக்கன் என்ற இளைஞர் போலீஸ் குண்டுக்கு இரையானார். அவருடைய குடும்பத்தாரும் அண்டையாரும் விளக்கம் கேட்டுப் போலீஸ் நிலையத்தின் முன்னே காத்து நின்றனர். தக்க விடை கிடைக்கவில்லை. அன்றிரவு மூண்ட தீ பல நகரங்களுக்குப் பரவிற்று. 2021இல் சாரா எவரார்ட் என்ற பெண்ணை, இலண்டன் காவலர் ஒருவரே தம் பதவியைக் காட்டிக் கடத்திக் கொன்றார். அதன் பின் நடந்த ஆய்வின் முடிவை 2023 மார்ச்சில் கேசி அம்மையார் வெளியிட்டார்: நிறவெறியும் பெண்ணிழிவும் அமைப்பிலேயே இருக்கின்றன, அக்கம்பக்கக் காவல் கைவிடப்பட்டுவிட்டது. மாக்பெர்சன் எழுதி 24 ஆண்டு கழித்து, ஏறக்குறைய அதே சொல்!

2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு புதிய வாக்குறுதி தந்திருக்கிறது. 2029க்குள் அக்கம்பக்கக் காவலுக்கு மேலும் 13,000 பேர். ஒவ்வொரு பகுதிக்கும் மக்கள் பெயர் அறிந்து அழைக்கத்தக்க காவலர் ஒருவர். பிரிக்ஸ்டன் வீடுகளுக்கும் அந்தப் பெயரும் எண்ணும் போய்ச்சேரும். 1981இல் சட்டைப்பையைக் கவிழ்த்துக் காட்டிய பையன்கள் இன்று அறுபதைத் தொட்ட தாத்தாக்கள். கறுப்பினத்தவரை நிறுத்திச் சோதிக்கும் விகிதம் இன்றும் வெள்ளையரைவிடப் பல மடங்கு. அந்தத் தாத்தாக்கள் தம் பேரப்பிள்ளைகளிடம் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்வார்களா, காவலர் நிறுத்தினால் கையை எங்கே வைத்துக்கொள்ளவேண்டும் என்பதைச் சொல்லித் தருவார்களா?